வடிகட்டியில் சேர்ந்த நஞ்சு சுவரில் ஏறலாமா?

திருவனந்தபுரத்துப் பழைய வீடுகளின் சுவரில் இருக்கும் வெட்டுக்கல்லும், மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் ஒருவகை வடிகட்டிக்குள் இருக்கும் சரளையும் அடிப்படையில் ஒரே பொருள். மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளியான தன் பயண நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். காலங்காலமாகப் பெய்த மழையில் சிலிக்கா கரைந்துபோய், இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாகத் தங்கிவிட்ட கல் அது. அந்த ஆக்சைடுகளின் பரப்பில் ஆர்சனிக், ஃபுளோரைடு, பாஸ்பேட் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். கரக்பூர் ஐஐடியில் பேராசிரியர் சிர்ஷேந்து தே குழுவினர் லேட்டரைட்டை அமிலத்திலும் காரத்திலும் பதப்படுத்திக் குடிநீர் வடிகட்டி செய்தது இந்தக் குணத்தை நம்பித்தான்.

வடிகட்டி நஞ்சை அழிப்பதில்லை. தண்ணீரில் பரவிக் கிடந்ததைப் பிடித்து ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். உறிஞ்சும் பொருளின் பரப்பு நிறைந்ததும் அதை வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்ததை எங்கே போடுவது? உலகெங்கும் ஆய்வாளர்கள் சொல்லும் விடைகளில் அதிகம் கேட்கப்படுவது இது: சுட்ட செங்கல்லில், சிமென்ட் கல்லில், பேவர் பிளாக்கில் கலந்துவிடலாம். மண்ணும் மிச்சம், குப்பைமேடும் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. கேரளத்துக்கு இது கூடுதலாக இனிக்கும். 2008-இல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு செங்கல்லுக்கு வயல்மண் எடுப்பது சிக்கலாகிவிட்டது. ஆற்றுமணல் கிடைப்பது அரிதாகி எம்-சாண்டை நம்பிக் கட்ட வேண்டியிருக்கிறது. மாற்றுப்பொருள் எது வந்தாலும் வரவேற்கும் நிலையில் கட்டடத்தொழில் இருக்கிறது. அதனாலேயே நிதானமாகப் பார்க்க வேண்டும்.

திருவனந்தபுரம் உறிஞ்சுபொருள் ஆராய்ச்சிக்குப் புதிதல்ல. பாப்பனங்கோட்டில் இருக்கும் சிஎஸ்ஐஆர்-நிஸ்ட் நிறுவனம் 1970-களில் தொடங்கிய வட்டார ஆராய்ச்சிக்கூடத்தின் தொடர்ச்சி. களிமண்ணும் கனிமங்களும் அதன் ஆரம்பகாலக் களங்கள். பின்னாளில் சாயத்தை நீரிலிருந்து பிடிக்கும் டைட்டனேட் நுண்குழாய்கள் வரை அங்கே ஆய்வு நடந்திருக்கிறது. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் டி.எஸ். அனிருத்தன் தென்னை நார்க்கழிவையும் வாழைத்தண்டையும் மாற்றியமைத்து உலோகங்களைப் பிடிக்கும் பொருள்களாக்குவது பற்றி நிறைய எழுதியிருக்கிறார். மலைக்கு மறுபக்கம், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயம் குழுவினர் நார்க்கழிவுக் கரியைக்கொண்டு காட்மியம் முதல் சாயங்கள் வரை நீக்கிக் காட்டினார்கள். தேங்காய் விளையும் இரண்டு மாநிலங்களிலும் உறிஞ்சும் பொருளுக்குப் பஞ்சமில்லை. பிடித்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றிய எழுத்துதான் குறைவு. பொதுவாக இத்துறைக் கட்டுரைகளில் ‘எத்தனை மில்லிகிராம் பிடித்தது’ என்பதற்குப் பத்துப் பக்கம் இருக்கும். தீர்ந்துபோன பொருளுக்குக் கடைசிப் பத்தியில் இரண்டு வரி கிடைத்தால் அதிகம்.

அந்த இரண்டு வரியை விரித்து ஆராய்ந்தவர்களும் உண்டு. டாக்காவில் உள்ள வங்கதேசப் பொறியியல் பல்கலைக்கழகத்தில் 2003 வாக்கில், கிணற்றுநீரைச் சுத்தம் செய்ததில் சேர்ந்த ஆர்சனிக்-இரும்புச் சேற்றைக் களிமண்ணில் கலந்து செங்கல் சுட்டுப் பார்த்தார்கள். கல்லின் தரத்தைத் தீர்மானிப்பவை சேற்றின் விகிதமும் சுடும் வெப்பமும்தான் என்று கண்டார்கள். தமிழ்நாட்டில் சாயப்பட்டறைக் கழிவுநீர்ச் சேற்றை வைத்து 2006-இல் வெளியான ஆய்வு, சிமென்ட்டுக்குப் பதிலாக அதிகபட்சம் 30 சதவீதம் வரை சேர்க்கலாம், ஆனால் பாரம் தாங்காத பொருள்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. இப்படி எத்தனையோ ஆய்வுகள். பெரும்பாலானவை ஒரே மாதிரி முடிகின்றன: இவ்வளவு சதவீதம் வரை வலிமை குறையவில்லை, கசிவுச் சோதனையிலும் தேறியது.

வலிமையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. சாதாரணச் சுட்ட செங்கல்லுக்கு இந்தியத் தர விதி ஐஎஸ் 1077 கேட்கும் குறைந்தபட்ச அழுத்த வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். பத்து சதவீதம் வேறு பொருள் கலந்தாலும் ஒழுங்காகச் சுட்ட கல் அதை எட்டிவிடும். பிரச்சினை இருப்பது வேதியியலில். அதுவும் உறிஞ்சும் பொருளின் வேதியியலைவிட, அது பிடித்துவைத்திருக்கும் நஞ்சின் வேதியியலில்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் தெரியும். பாதரசம் சூளைக்குள் போனால் ஆவியாகிப் புகைபோக்கி வழியே ஊருக்குள் இறங்கும். அதைச் சுடுவது பற்றிப் பேசவே கூடாது. குரோமியம் எதிர்பாராத வேலை செய்யும். தோல் பதனிடும் கழிவிலிருந்து பிடித்த குரோமியம் பெரும்பாலும் மூன்று இணைதிற வடிவத்தில், ஓரளவு சாதுவாக இருக்கும். காற்றோட்டமும் சுண்ணாம்பும் உள்ள மண்ணோடு சேர்த்துச் சுட்டால், நீரில் கரைகிற, புற்றுநோய் தருகிற ஆறு இணைதிற குரோமியமாக மாறக்கூடும். அந்த வடிவம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிய ராணிப்பேட்டைக்குப் போனால் போதும்; மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் கழிவுமேடு பல பத்தாண்டுகளாக அங்கே நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. துத்தநாகமும் ஈயமும் சிமென்ட் இறுகுவதைத் தாமதமாக்கும். பாஸ்பேட்டும் அப்படியே. நார்க்கழிவுபோன்ற தாவரப் பொருள்களில் ஊறி வரும் சர்க்கரையும் சிமென்ட்டைப் பிடிக்கவிடாது. அதே நார்க்கழிவு செங்கல்லில் வேறுவிதமாக நடந்துகொள்கிறது: உள்ளேயே எரிந்து சூளைக்கு விறகை மிச்சப்படுத்துகிறது, எரிந்த இடத்தில் துளை விட்டுக் கல்லை லேசாக்குகிறது, அதனாலேயே கல் தண்ணீரையும் அதிகமாக இழுக்கிறது.

ஆர்சனிக்கைச் சிமென்ட்டில் கட்டிவைக்கும்போது அது கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பாகிறது. ஆய்வுக்கூடத்தில் 28 நாள் கழித்துச் சோதித்தால் எல்லாம் பத்திரமாக இருக்கும். ஆனால் கான்கிரீட் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. புதிதாக இருக்கும்போது 12-க்கு மேல் இருக்கும் அதன் காரநிலை (பிஎச்), வருஷங்கள் போகப்போகப் புறப்பரப்பிலிருந்து 9-க்குக் கீழே இறங்குகிறது. கால்சியம் கார்பனேட்டாக மாறி ஆர்சனிக்கைக் கைவிடுகிறது. 28 நாள் சோதனைக்கு இதெல்லாம் தெரியாது.

சோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘பாதுகாப்பானது’ என்ற சொல் அங்கேதான் பிறக்கிறது. டிசிஎல்பி என்று அழைக்கப்படும் அமெரிக்கக் கசிவுச் சோதனையைத்தான் நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளும் அளவுகோலாக வைத்திருக்கின்றன. கல்லை உடைத்து 9.5 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, 100 கிராம் எடுத்து, 2 லிட்டர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் போட்டு, மூடிய புட்டியை நிமிடத்துக்குச் சுமார் 30 சுற்று வீதம் 18 மணிநேரம் தலைகீழாகப் புரட்டுவார்கள். பிறகு வடிகட்டி, கரைசலில் எவ்வளவு ஆர்சனிக் இருக்கிறது என்று அளப்பார்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தேர்ச்சி.

இப்போது ஒரு கணக்கு. ஒரு கிராம் உறிஞ்சுபொருள் 5 மில்லிகிராம் ஆர்சனிக் பிடித்து நிறைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 3 கிலோ எடையுள்ள செங்கல்லில் அந்தப் பொருளை 5 சதவீதம், அதாவது 150 கிராம் சேர்க்கிறோம். ஒரு கல்லில் 750 மில்லிகிராம் ஆர்சனிக் ஏறிவிட்டது. 20,000 கல் பிடிக்கும் ஒரு வீட்டில் 15 கிலோ. சோதனைப் புட்டிக்குள் போகும் 100 கிராம் தூளில் இருப்பது 25 மில்லிகிராம். அது முழுவதும் கரைந்தாலும் 2 லிட்டரில் லிட்டருக்கு 12.5 மில்லிகிராம்தான் வரும். அதாவது, கல்லில் உள்ள ஆர்சனிக்கில் கிட்டத்தட்ட 40 சதவீதம் ஒரே நாளில் கரைந்து வெளியேறினாலும் கல் தேறிவிடும். கலப்பை 5-லிருந்து 1.5 சதவீதமாகக் குறைத்துவிட்டால், ஆர்சனிக் அத்தனையும் கரைந்துபோனாலும் லிட்டருக்கு 3.75 மில்லிகிராம்தான், அப்போதும் தேர்ச்சி! குடிநீரில் நம் தரக்கட்டுப்பாடு அனுமதிப்பதோ லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஒரு செங்கல்லில் இருக்கும் 750 மில்லிகிராம், 75,000 லிட்டர் சுத்தமான நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகப் போதும்.

இது கட்டி வைப்பதல்ல, நீர்த்துப்போகச் செய்வது. அபாயக் கழிவைப் பதப்படுத்துவதற்குப் பதிலாக வேறு பொருளில் கலந்து அளவைக் குறைத்துக் காட்டுவதை அமெரிக்கச் சட்டமே தடைசெய்கிறது. கட்டுரை எழுதுகிறவர்கள் ‘தேறியது’ என்று எழுதும்போது, மொத்தத்தில் எத்தனை சதவீதம் கசிந்தது என்ற எண்ணையும் சேர்த்துத் தராவிட்டால் அந்தத் தேர்ச்சிக்கு மதிப்பில்லை என்பதே என் கருத்து. ஆர்சனிக்கைப் பொறுத்தவரை இந்தச் சோதனை, குப்பைமேட்டின் உள்ளே நடப்பதைக்கூடக் குறைத்தே காட்டுகிறது என்பது 2004-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிய விஷயம். காற்றில்லாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடைக் கரைக்கும்போது அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் விடுபட்டுவிடுகிறது. நெதர்லாந்தில் கட்டடப்பொருளைத் தூளாக்காமல், முழுக் கல்லாகவே நீரில் மூழ்கவைத்து, 64 நாள் வரை நீரை மாற்றி மாற்றி, ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்று அளக்கிறார்கள். சுவருக்குப் பொருத்தமான கேள்வி அதுதான்.

திருவனந்தபுரத்தில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இடவப்பாதியும் துலாவர்ஷமும் என இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர். மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ள செம்மண். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று. எல்லாவற்றுக்கும் மேலாகக் கிணறு! கேரளத்தில் வீட்டு வளவுக்குள்ளேயே கிணறு இருப்பது வழக்கம். இன்றும் ஏராளமான குடும்பங்கள் அதன் நீரைத்தான் குடிக்கின்றன. டிசிஎல்பி சோதனை மனத்தில் வைத்திருப்பது ஊருக்கு வெளியே உள்ள குப்பைமேட்டை. இங்கே சுவரில் வழிந்த மழைநீர் முற்றத்து மண்ணில் இறங்கிச் சில மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுக்குப் போகிறது. கிணற்றுநீரைச் சுத்தம் செய்யப் பிடித்த நஞ்சை, கிணற்றுக்கு அருகில் சுவராக நிறுத்துவது என்ன நியாயம்?

இதற்காக மொத்த யோசனையையும் தள்ளிவிட முடியாது. உறிஞ்சுபொருள் கட்டடப்பொருளான வெற்றிக்கதை ஒன்று உலகத்தில் இருக்கிறது, தண்ணீரிலல்ல, புகையில். அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல் குழம்பைத் தெளிக்கிறார்கள். பிடித்து முடித்ததும் அது ஜிப்சமாகிறது. ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா எங்கும் சுவர்ப்பலகை ஆலைகள் அதை வாங்குகின்றன. பிடித்த பொருள் என்னவென்று துல்லியமாகத் தெரியும், தினமும் ஒரே தரத்தில் வரும், அளவும் ஏராளம் என்பதால் அது நடந்தது. தண்ணீர் வடிகட்டிகளில் தேங்குவது அப்படியில்லை. ஒரு ஊரில் ஃபுளோரைடு, இன்னொரு ஊரில் நிக்கல், வேறொரு ஆலையில் சாயம். ஒவ்வொன்றும் சில மூட்டை. பாலக்காட்டுச் சிற்றூரிலோ தருமபுரியிலோ ஃபுளோரைடு வடிகட்டியிலிருந்து வரும் அலுமினாவைத் திரட்டிச் சூளைக்கு அனுப்பும் செலவே பொருளின் விலையைத் தாண்டிவிடும். தரமும் அளவும் இருந்தால்கூடச் சந்தை உடனே அமைந்துவிடாது. கொச்சி அம்பலமுகளில் உர நிறுவனங்களான ஃபாக்டும் ஆர்சிஎஃப்பும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் உரத்தொழிற்சாலை ஜிப்சத்திலிருந்து சுவர்ப்பலகை செய்தது. சென்னை ஐஐடி அதற்குக் கட்டுமான முறை வகுத்து வளாகத்திலேயே மாதிரிக் கட்டடமும் எழுப்பியது. அப்படியும் அது வீடு கட்டுவோரின் வழக்கமான தேர்வாகிவிடவில்லை.

ஆகவே திருவனந்தபுரம் எங்கிருந்து தொடங்கலாம்? என் யோசனை அருவிக்கரையிலிருந்து. குடிநீருக்காகக் கரமனையாற்று நீரை அங்கே படிகாரம் போட்டுத் தெளியவைக்கிறார்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடு சேறாகப் படிகிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் படிகாரம், 10 மில்லிகிராம் கலங்கல் என்று வைத்துக்கொண்டால், பத்து கோடி லிட்டர் நீருக்கு உலர்ந்த கணக்கில் ஏறத்தாழ 1.9 டன் சேறு வரும். அதைச் செங்கல்லில் பத்து சதவீதம் சேர்த்தால் 6,000 கல்லுக்குமேல் செய்யலாம். குடிக்கும் ஆற்றுநீரில் இருந்த களிமண்ணும் படிகாரத்தின் அலுமினியமும்தான் இது என்பதால் நஞ்சு பெரும்பாலும் இராது. இருந்தாலும் ஒரு சோதனையில் தெரிந்துவிடும். நீர் உறிஞ்சுவது 20 சதவீதத்துக்கு மேல் போகாமலும், சுடும்போது சுருங்கி வெடிக்காமலும் பார்த்துக்கொள்வது சூளைக்காரர்களுக்குக் கைவந்த வேலை.

அதற்கு முன்னால் அந்தச் சேற்றிடம் இன்னொரு வேலை வாங்கலாம். அது பாஸ்பேட்டை நன்றாகப் பிடிக்கும். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இத்தகைய படிகாரச் சேற்றையே நாணல் படுகைகளில் நிரப்பிக் கழிவுநீரைச் சுத்தம் செய்து காட்டினார்கள். ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கும் ஆக்குளம், வேளிக் காயல்களுக்குள் பாயும் ஓடைகளின் வாயில் இப்படிப் படுகைகள் அமைத்துப் பார்க்கலாம். முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருந்தும், ஓடைகளில் சாக்கடை கலப்பது நிற்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். பாஸ்பேட் நிறைந்த சேறு சிமென்ட்டுக்கு ஆகாது, சுட்ட செங்கல்லுக்கு ஆகும். சூளையின் வெப்பத்தில் கிருமிகளும் மிஞ்சாது. ஓடைநீரில் உலோகமும் வருமென்பதால் ஒவ்வொரு படுகையையும் தனித்தனியே சோதித்தே எடுக்க வேண்டும்.

கொச்சுவேளிப் பக்கம் எச்சரிக்கை தேவை. திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து நிறமி எடுக்கிறது. அந்த அமிலக் கழிவுநீரைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கினால் கிடைப்பது இரும்பு கலந்த சிவப்பு ஜிப்சம். கட்டடத்துக்கு ஏற்றதாகத் தோன்றும். ஆனால் இந்தக் கரையின் கனிமணலில் இல்மனைட்டோடு தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்தே கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 நெறிமுறையில் கட்டடப்பொருளிலிருந்து வீட்டுக்குள் வரும் காமாக் கதிர்வீச்சுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்று அளவுகோல் வைத்திருக்கிறது. இங்கே கனிமணல் தொழிற்சாலைகளின் எந்த எச்சத்தையும் கதிர்வீச்சு அளவிடாமல் சுவரில் ஏற்றக் கூடாது.

உலோக நஞ்சு ஏறியவற்றுக்கு என் விடை கறாரானது. ஆர்சனிக், காட்மியம், ஆறு இணைதிறக் குரோமியம் பிடித்த எதுவும் குடியிருப்புச் சுவருக்குள் போகக் கூடாது. முடிந்தால் மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். முடியாதவை கொச்சியில் உள்ள அபாயக் கழிவு நிலம்போன்ற காப்பான இடத்துக்குத்தான் போக வேண்டும். மேற்கு வங்கத்துக் கிராமங்களில் 1997 முதல் இயங்கிய சமூக வடிகட்டிகளின் கழிவை, காற்றோட்டமுள்ள மணற்படுகையில் அங்கேயே தேக்கி வைத்தார்கள். ஆர்சனிக் இரும்போடு ஒட்டியே இருக்க அது வழிசெய்தது. பெருமை பேச முடியாத, ஆனால் நேர்மையான ஏற்பாடு.

சட்டம் வழியை மூடவில்லை. 2016 அபாயக் கழிவு விதிகளின் 9-ஆம் விதிப்படி, மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த நடைமுறை இருந்தால், மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்று அபாயக் கழிவை மூலப்பொருளாக்கலாம். அந்த அனுமதியில் கல் எந்த வீட்டுக்கு, எந்தச் சாலைக்குப் போனது என்ற பதிவேடும் கட்டாயமாக வேண்டும் என்பேன். ஏனென்றால் சுவர் என்றாவது இடிக்கப்படும். இடித்ததை நொறுக்கிப் புதுக் கான்கிரீட்டில் ஜல்லியாகச் சேர்க்க ஐஎஸ் 383, 2016 முதல் இடம் தருகிறது. பதிவேடு இல்லாவிட்டால், முதல் கல்லில் நாம் அறிந்து வைத்த நஞ்சு இரண்டாவது கட்டடத்தில் யாரும் அறியாததாகிவிடும்.

ஊர் நம்பாவிட்டால் எந்த நல்ல தொழில்நுட்பமும் நிற்காது என்பதைத் திருவனந்தபுரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விளப்பில்சாலைக் குப்பை நிலையம் 2000-இல் தொடங்கி, நாற்றத்துக்கும் கசிவுநீருக்கும் எதிராக மக்கள் நின்றதில் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அங்கே தோற்றது உரம் தயாரிக்கும் அறிவியல் அல்ல. பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குத் தந்த வாக்கு. செங்கல் அதைவிட நெருக்கமான பொருள். குழந்தை தொடும், முதுகு சாயும்.

ஆகவே வீடு கட்டப்போகிறவர்களுக்கும் அவர்களுடைய பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழிவிலிருந்து செய்த கல் என்று யாராவது கொண்டுவந்தால் முகம் சுளிக்காதீர்கள். அருவிக்கரைச் சேற்றுக் கல்லைப்போன்றவை வருமானால் முதலில் வாங்க வேண்டியவர்கள் நாம்தான். ஆனால் கல்லில் மொத்தம் என்ன நஞ்சு எவ்வளவு இருக்கிறது, அதில் எத்தனை சதவீதம் கசிகிறது, முழுக் கல்லாக நீரில் வைத்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.